கவராயத்தால் தீராத நெரிசல்

தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கை வெளிவரும் காலத்தில் கொழும்பில் ஒரு பிரசங்கமும் தவறாமல் வெளிவரும். பத்திரிகைத் தலையங்கம், தொலைக்காட்சிக் கலந்துரையாடல், பரிசளிப்பு விழா மேடை என்று இடம் மாறினாலும் பேச்சு மாறாது. பெற்றோருக்குப் பிரபல பாடசாலை மோகம் பிடித்துவிட்டதாம். அந்த மோகத்தால்தான் நாலு பாடசாலைகளில் பிள்ளைகள் நெரிபட, மற்றப் பாடசாலைகளில் வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றனவாம். எல்லையை இறுக்கி, அவரவர் பிள்ளையை அவரவர் வீட்டுக்கு அருகிலேயே சேர்க்க வைத்தால் நெரிசல் தானாகத் தீர்ந்துவிடுமாம். 2016இல் அகில விராஜ் காரியவசம் கல்வி அமைச்சராக இருந்தபோது இந்தக் கருத்துக்கு ஒரு திட்டப் பெயரே கிடைத்தது: ‘அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’. அமைச்சர்கள் மாறிவிட்டார்கள். பிரசங்கம் அப்படியே இருக்கிறது.

வெள்ளவத்தைத் தமிழ்ப் பெற்றோருக்கு அது இன்னும் குறிப்பாகச் சொல்லப்படும். பம்பலப்பிட்டியில் இடமில்லையா, இரத்மலானைக்கு விடுங்களேன். பெயரும் அதே கொழும்பு இந்துக் கல்லூரி. கரையோர ரயிலில் ஏறினால் தெஹிவளை, கல்கிசை, அடுத்தது இரத்மலானை. காலி வீதிக்கு வந்தால் மொறட்டுவை பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். “அவ்வளவு தூரம் பிள்ளையை விடுறதோ?” என்கிறார்கள். அதைக் கேட்டதும் நமது அறிவாளர் தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறார்கள்: பகட்டு, பெயர் ஆசை, கொழும்பு நாலான பம்பலப்பிட்டியின் மயக்கம்.

இந்தத் தீர்ப்பு தவறானது மட்டுமன்று, வசதியானதும்கூட. குற்றத்தைப் பெற்றோரின் மனதுக்குள் வைத்துவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்கு வேலை மிச்சம். மோகத்துக்கு ஆசிரியர் நியமிக்கத் தேவையில்லை, அறிவுரை போதும்.

முதலில் எல்லை என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்ப்போம். இன்ன தெருக்கள் இன்ன பாடசாலைக்கு என்று நிரந்தரமாக வரைந்த கோடு இலங்கையில் இல்லை. நம்முடைய எல்லை ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கிறது. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த பங்கீட்டின்படி ஒரு பாடசாலையின் தரம் 1 இடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் அங்கு படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு. மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று பிரியும். அருகில் வசிப்போர் வரிசையில் நிற்பவர், ஆண்டுக்கணக்கில் அந்த முகவரியில் இருந்ததை வாக்காளர் இடாப்பு, உறுதி, வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல் என்று கட்டுக்கட்டாகக் காட்டிப் புள்ளி எடுக்க வேண்டும். பிறகு வரைபடம் விரிக்கப்படும். கவராயத்தை வைத்து ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள், இவர் வீட்டுக்கு இன்னும் கிட்டவாக, இந்தப் பிள்ளை சேரக்கூடிய வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும்.

சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு இந்தக் கழித்தல் ஓரளவு வேலை செய்யும், ஏனென்றால் சந்திக்குச் சந்தி ஒரு பாடசாலை உண்டு. தமிழ்மொழிமூலப் பிள்ளைக்கு? வெள்ளவத்தையிலிருந்து மொறட்டுவை வரையில், முஸ்லிம் பாடசாலைகளை விலக்கிவிட்டால், தமிழ்ப் பாடசாலைகளை விரல்விட்டு எண்ணலாம். கழிப்பதற்கு இடையில் பாடசாலையே இல்லாதபோது எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே புள்ளிதான் விழும். கடைசியில் வெட்டுவது மீற்றர் கணக்கு. வெள்ளவத்தை லில்லி அவெனியூவின் இந்த முனைக்கு இடம், அந்த முனைக்கு இல்லை என்கிற அளவுக்கு இறங்கிவிடுகிறது. நெரிசலைக் குறைக்க வந்த விதி, நெரிசலில் யார் நிற்பது என்று மட்டும் தீர்மானிக்கிறது.

அதைத் தீர்மானிக்கும் பொருளோ பணம். வட்டத்துக்குள் அனெக்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுக்க முடிந்தவர் பாடசாலைக்கு ‘அருகில் வசிப்பவர்’ ஆகிவிடுகிறார். வருடக்கணக்காக உண்மையாகவே அருகில் வசித்தும் கடதாசி இல்லாதவரோ அப்படி ஆவதில்லை. தமிழருக்கு இதில் ஒரு தனி முடிச்சு உண்டு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்து இருந்தவர்களின் பெயர் எந்த இடாப்பில் இருந்தது? ஊர் இடாப்பில் இருந்தது, அல்லது எதிலும் இல்லை. வாடகைக்கு இருப்பவரைத் தன் வீட்டு முகவரியில் வாக்காளராகப் பதியவிட வீட்டுக்காரர் இன்றைக்கும் தயங்குவார். நாளைக்கு எழும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆகவே கிராம உத்தியோகத்தர் கையெழுத்துக்கு ஓட்டம், சத்தியக் கடதாசிக்கு ஓட்டம்.

2007ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருப்பதற்கு ‘சரியான காரணம்’ இல்லை என்பது குற்றச்சாட்டு. உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அதே ஆண்டில், சரத் என். சில்வா பிரதம நீதியரசராக இருந்த அதே நீதிமன்றம், தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கை சமத்துவத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இரண்டு வழக்கையும் ஒருவரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஒரே தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் பாடசாலை வதிவிடச் சான்று கேட்டது, பொலிஸ் வதிவிடக் காரணம் கேட்டது. அப்படியொரு காலத்தைத் தாண்டி வந்த பெற்றோர் முகவரிக்காகக் கடதாசி சேர்ப்பதை ‘மோகம்’ என்று சொல்வதற்கு நல்ல துணிச்சல் வேண்டும்.

பெற்றோர் எல்லோரும் சுத்தம் என்று நான் வாதாட வரவில்லை. இல்லாத வாடகைக்கு ஒப்பந்தம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு, “மிஸ் கேட்டா மாமா வீட்டு அட்ரஸைச் சொல்லு, என்ன?” என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொய்யைப் பாடமாக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை கற்கும் முதற்பாடம் அதுவாகிவிடுகிறது என்பது எனக்கும் கசக்கிறது. இன்னொரு வகையினர் இன்னும் மோசம். உள்ளே நுழையும்வரை சுற்றறிக்கை அநீதி என்பார்கள். நுழைந்த மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், இனி ஒருவரையும் எடுக்க வேண்டாம் என்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நிற்பார்கள். பழைய மாணவர் பங்கைப் பற்றிப் பேசினால் நட்பே முறிந்துவிடும். அப்பன் படித்த பாடசாலையில் மகனுக்கு உரிமை உண்டென்றால், அப்பனுக்கு அங்கே இடம் கிடைக்காதிருந்த குடும்பம் மூன்றாம் தலைமுறைக்கும் வெளியேதான் நிற்கும். இதை நியாயம் என்று வாதாடுபவர்கள் நமக்குள்ளேயே நிறைய இருக்கிறார்கள். ஆனால் இந்தக் குறும்புகளெல்லாம் பற்றாக்குறையின் பிள்ளைகள். பற்றாக்குறையை யார் பெற்றது என்பதுதான் கேள்வி.

அமைச்சு சொல்கிறது, எல்லாப் பாடசாலையும் நல்ல பாடசாலை. அதே அமைச்சு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் தரம் 6 அனுமதிக்காகப் பாடசாலை வாரியாக, மொழிமூலம் வாரியாக வெட்டுப்புள்ளி வெளியிடுகிறது. எந்தப் பாடசாலை எந்தப் படியில் நிற்கிறது என்று அரசாங்க முத்திரையோடு அச்சிட்டுத் தரும் பட்டியல் அது. அதை வீட்டில் வைத்துக்கொண்டு, எல்லாம் ஒன்றுதான் என்று நம்பச் சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? இன்னொன்றும் உண்டு. சுற்றறிக்கையில், பாடசாலைக் கல்வியோடு நேரடியாகத் தொடர்புடைய நிறுவனங்களின் ஊழியருக்கு 5 வீதம் தனியாக ஒதுக்கப்பட்டது. அருகிலுள்ள பாடசாலையே சிறந்தது என்று ஊருக்குச் சொல்லும் துறை, தன் ஆட்களுக்கு வேறொரு வரிசை போட்டு வைத்திருக்கிறது. மோகம் அங்கேயும் கொஞ்சம் இருக்கிறது போலும்.

வெள்ளவத்தையில் இரத்மலானை பற்றிப் பேச்செடுத்தால் கட்டடம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. “அங்க கெமிஸ்ரி ஆர் படிப்பிக்கினம்? கணிதத்துக்கு ஆள் இருக்கோ? வந்தவை நிப்பினமோ, மாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவினமோ?” என்றுதான் கேட்கிறார்கள். உயர்தரத்தைத் தமிழில் படிப்பிக்கும் ஆசிரியர் எத்தனை பேர், எத்தனை வருடம் நிற்கிறார்கள், எந்தப் பாடத்துக்கு இடம் காலி என்பது பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகளில் மிகச் சரியான கேள்வி. கொழும்பு மாவட்டத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு எவ்வளவு இசற் புள்ளி தேவைப்படுகிறது என்று அறிந்தவர்களுக்கு அது சோற்றுக் கேள்வி. இதற்கு வலயப் பணிமனை எந்தச் சுவரிலும் பதில் ஒட்டுவதில்லை. இரத்மலானைப் பாடசாலை குறைந்தது என்று நான் சொல்லவில்லை. அது எப்படிப்பட்டது என்று அறிந்துகொள்ள ஒரு தகப்பனுக்கு வழியில்லை என்கிறேன். அறிய வழியில்லாதவன் பெயரைப் பிடித்துக்கொள்கிறான். பெயர் என்பது அவன் கையில் கிடைத்த ஒரே தகவல்.

தூரமே பயம் என்பதும் முழு உண்மையில்லை. அகில இலங்கை இந்து மாமன்றத்தின் மாணவர் விடுதி இரத்மலானையில் இருக்கிறது. மலையகத்திலிருந்தும் வடக்கு, கிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்திருக்கிறார்கள். மூன்று ரயில் நிலையம் தூரமென்று வெள்ளவத்தைக் குடும்பம் தயங்கும் அதே இடத்துக்கு, ஒரு முழு இரவு பஸ் பயணம் தாண்டிப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு மகன்மேல் பாசம் குறைவா? தங்கள் ஊரில் கிடைப்பதோடு ஒப்பிட்டார்கள், இரத்மலானை மேலாகத் தெரிந்தது, விட்டார்கள். வெள்ளவத்தைக்காரர் பம்பலப்பிட்டியோடு ஒப்பிடுகிறார்கள். இரு தரப்பும் செய்வது ஒரே கணக்கு. ஒன்றைத் தியாகம் என்றும் மற்றதைப் பகட்டு என்றும் பெயர் வைப்பது நாம்.

இரத்மலானையின் சொந்தக் கதையே இந்த வாதத்துக்குப் பெரிய சாட்சி. 1951இல் பம்பலப்பிட்டியில் பிள்ளையார் பாடசாலை என்று சிறிதாகத் தொடங்கிய முயற்சிதான் கொழும்பு இந்துக் கல்லூரி. இந்து வித்தியா விருத்திச் சங்கத்தினர் அதை நடத்தினர். பம்பலப்பிட்டி ஒடுக்கமான இடம். 1950களிலேயே அவர்கள் விசாலமான இரத்மலானையில் கல்லூரியை விரித்தார்கள். நெரிசலுக்கு அவர்கள் கண்ட வழியைக் கவனியுங்கள். நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று தெருக்களுக்குக் கோடு போடவில்லை. ஒரே சங்கம், ஒரே பெயர். பெற்றோர் நம்பிய நிர்வாகமே இரத்மலானைக்கும் போனது, பிள்ளைகளும் பின்னால் போனார்கள். அந்தக் காலத்துப் பெற்றோர் மோகமற்ற முனிவர்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவர்களுக்கும் பெயர் ஆசை இருந்தது. பெயரே இரத்மலானைக்கு வந்ததால் பிரச்சினை எழவில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையின்போது இரத்மலானை விமான நிலையத்து ஹங்கர் அகதி முகாமாயிற்று. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் முகாமாயிற்று. அங்கிருந்து பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் கல்கிசைக்கும் இரத்மலானைக்கும் பழையபடி பரவிப்போகவில்லை. ஆளோடு ஆளாக வெள்ளவத்தையில் ஒதுங்கினார்கள். தமிழ்ச் சத்தம் கேட்கும் தெருவில் இருப்பது பாதுகாப்பு என்று பட்டது. அதற்குப் பின் சோதனைச் சாவடிகள், பொலிஸ் பதிவு, பிள்ளை வீடு திரும்பும்வரை யன்னலடியில் நிற்கும் தாய்மார். பாடசாலை நெரிசலின் வேரில் இந்த ஒதுங்கலும் கிடக்கிறது. சுற்றறிக்கை வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே நேர்கோடு இழுத்துத் தூரத்தை அளக்கிறது. அந்தக் கோட்டில் 83 தெரியாது. போர் முடிந்து இத்தனை வருடமாகிறது, இன்னும் என்ன பயம் என்று கேட்கலாம். கேட்பது சுலபம். வீடு, கடை, கோயில், ரியூட்டரி எல்லாம் ஓரிடத்தில் குவிந்த பின் அந்தக் குவியலைக் கலைக்க வேண்டுமானால் மறுமுனையில் குவிவதற்கு ஏதாவது வைக்க வேண்டும்.

அந்தப் பாடத்தை இந்த நாடு ஒருமுறை நன்றாகவே படித்திருந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1940களில் இலவசக் கல்வியைக் கொண்டு வந்தபோது கொழும்புப் பாடசாலைகளைச் சுற்றி வட்டம் வரையவில்லை. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவினார். 54 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. விடுதியும் புலமைப்பரிசிலும் ஆய்வுகூடமும் அங்கே போயின. கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொழும்புக்கு ஓட வேண்டிய தேவை குறைந்தது. ‘அருகிலுள்ள பாடசாலை’ என்ற சொற்றொடரை உச்சரிக்கும் தகுதி அப்படிச் செய்தவருக்கு உண்டு.

வெளியே பார்த்தாலும் கதை இதுதான். 1974இல் சியோல் நகரம் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு நுழைவுத் தேர்வை ஒழித்து வட்டாரங்களுக்குள் குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பங்கிட்டது. கூடவே பழைய நகரின் நெரிசலைத் தளர்த்த, பேர்போன கியொங்கி உயர்நிலைப் பாடசாலையை ஆற்றுக்குத் தெற்கே, அன்று வயல்வெளியாகக் கிடந்த கங்நாமுக்கு மாற்றினார்கள். வேறு பேர்பெற்ற பாடசாலைகளும் பின்னால் போயின. குடும்பங்களும் போயின, கங்நாம் நிலத்தின் விலை இன்று உலகப் பிரசித்தம். அரசு கோடு போட்டதைவிடப் பாடசாலையை நகர்த்தியதுதான் சனத்தை நகர்த்தியது. கோடு மட்டும் தனியாக நின்ற இடத்தில் அது வீட்டு விலையாக மாறியது. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரம் 2008 அனுமதியிலிருந்து, இடத்துக்கு மேல் பிள்ளைகள் வந்தால் தூரத்தை விட்டுக் குலுக்கிப் பார்ப்பது என்று முடிவெடுத்தது. நல்ல யோசனை. ஆனால் குலுக்கல் வட்டார எல்லைகளுக்குள் மட்டும் நடந்ததால், ஏழை வட்டாரத்துப் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எல்லையே வேண்டாமென்றால் ஐந்து வயதுப் பிள்ளைகள் விடியற்காலையில் பாடசாலை வானில் தூங்கிக்கொண்டு காலி வீதி வழியே போக வேண்டியதுதானே? ஆம், அது கொடுமை. ஆரம்ப வகுப்புப் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அப்படியென்றால் தரம் 1க்கு வேண்டியது அயலில் நல்ல ஆரம்பப் பாடசாலை. பெற்றோர் ஐந்து வயதில் ஏன் பம்பலப்பிட்டியில் சண்டை பிடிக்கிறார்கள்? ஐந்து வயதுக்காக அல்ல, பதினேழு வயதுக்காக. தரம் 1இல் காலை வைத்துவிட்டால் உயர்தரம் வரை இடம் உறுதி. முழுப் பதின்மூன்று வருடத்துக்கான சீட்டை ஒரே நாளில் ஒரு கவராயத்திடம் கொடுத்துவிட்டு, அந்த நாளில் பெற்றோர் பதற்றப்படுகிறார்கள் என்று ஆச்சரியப்படுவது வேடிக்கை. ஆரம்பப் பிரிவைத் தனியாக்கி, மேல்வகுப்புகளுக்குள் எல்லா ஆரம்பப் பாடசாலைகளிலிருந்தும் ஒரே மாதிரி வழி திறந்துவிட்டால், வெள்ளவத்தைத் தாய் அயலில் உள்ள சின்னப் பாடசாலையை முகம் சுளிக்காமல் பார்ப்பாள்.

நெரிசலைக் குறைப்பதில் அமைச்சுக்கே எவ்வளவு அக்கறை என்பதும் ஐயம். தரம் 1 வகுப்பில் 35 பிள்ளைகள் என்று குறைத்துக்கொண்டு வந்த வரம்பு பிறகு 40க்கு ஏற்றப்பட்டது. பேனாவின் ஒரு கோட்டில் ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து வாங்கு கூடிவிட்டது, ஓர் ஆசிரியர்கூடக் கூடவில்லை. அதை நெரிசல் என்று யாரும் எழுதவில்லை, அதற்காக யாரையும் மோகம் பிடித்தவர் என்று ஏசவுமில்லை.

எல்லையை மாற்றுவதென்றால் மாற்றட்டும். வெள்ளவத்தையின் ஒரு பகுதியை இரத்மலானைக்கு ஒதுக்குவதென்றாலும் ஒதுக்கட்டும். ஆனால் கோட்டுக்கு முன்னால் ஆசிரியர் போக வேண்டும். பாடசாலை வாரியாக, பாடம் வாரியாக, தமிழ்மொழிமூலத்தில் நிரம்பிய இடம் எத்தனை, காலி எத்தனை, கடைசி ஆசிரியர் எத்தனை வருடம் நின்றார் என்ற பட்டியலைச் சுற்றறிக்கையின் பின்னிணைப்பாக வெளியிட வேண்டும். அந்தத் தகவல் கோப்புகளில் இருக்கிறது, அதை வெளியிடத் தனிச் சட்டமும் வேண்டாம். சமபுள்ளி எடுத்தவர்களுக்கிடையில் மீற்றர் பார்ப்பதை விட்டுச் சீட்டுக் குலுக்கினால் அனெக்ஸ் வியாபாரம் பாதி படுத்துவிடும். அனுபவமுள்ள அதிபரையும் ஆறேழு உயர்தர ஆசிரியரையும் ஒரு தொகுதியாக, ஐந்தாண்டுக்கு மாற்றமில்லை என்ற உறுதியோடு இரத்மலானைக்கு அனுப்பிப் பார்க்கலாம். மூன்றாம் வருடப் பெறுபேறு வெளிவரும்போது கல்கிசையில் வாடகை ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் காலம் எடுக்கும் என்பார்கள். காலம் எடுக்காத ஒரு காரியமும் உண்டு. கல்வித்துறை ஊழியருக்கான அந்த 5 வீதப் பங்கை எடுத்துவிட வேண்டாம். அவர்கள் அதை வீட்டுக்கு மிக அருகிலுள்ள பாடசாலையில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று அடுத்த சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.